ஃபேன் சுற்றினால் நான் வீட்டில்

கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வைத்தபோது, துபாயில் வேலை பார்க்கும் கணவரின் எண்ணைத்தான் கொடுத்தேன். எந்நேரம் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதையெல்லாம் அவர் ஃபோனில் பார்க்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சில நாளில் அழைத்தார்.

"ஏட்டி, மத்தியானம் கரண்டு கூடியிருக்கே. ஆரு வந்தா?"

"ஆரும் வரல்ல. வெக்கை தாங்காம ஏசி போட்டேன்."

பிறகு மாவு ஆட்டினாலும் கேள்வி, துணி தேய்த்தாலும் கேள்வி. வெறுத்துப்போய் ஒருநாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெறுந்தரையில் வியர்த்து வழியப் படுத்திருந்தேன். சாயங்காலம் ஃபோன் வந்தது.

"வீட்டுல ஒண்ணுமே ஓடல்லியே. எங்க போயிருந்த?"

"இங்கதான் கெடந்தேன்."

"பொய் சொல்லாத."

கட்டிய மனைவியைவிடச் சுவரில் இருக்கும் பெட்டியை அவர் நம்பினார்.

அடுத்த முறை தோவாளைக்குப் பூ வாங்கப் போகையில், ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டுக் கதவைப் பூட்டினேன். ஃபோன் வரவில்லை. திரும்பி வந்தபோது ஆளில்லாத கட்டிலுக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இப்போது அடைமழை. உடம்பு நடுங்குகிறது. ஃபேனை அணைத்தால் நான் வீட்டில் இல்லை என்றாகிவிடும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன்.