ஆகாயக் கப்பலுக்கு ரெஜினா அக்கா சொன்ன கதை

போன மாதம் ஒரு காலையில் அந்தோணி அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். நான் இப்போது இருக்கும் ரம்புக்கனையில் மழையா என்று கேட்டார். கரவனெல்லைக்கு பஸ் ஓடுகிறதா என்று என்னிடமே விசாரித்தார். அவர் இருப்பதுதான் கரவனெல்லைக்கு மேலே. பிறகு, "ரெஜினாவ நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம் மாஸ்டர், வந்துருங்க" என்றார். "சரி அண்ணே" என்று போனை வைத்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. மனைவியின் சாவை எப்படிச் சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எப்படிக் கேட்பதென்று எனக்கும் தெரியவில்லை.

ரெஜினா அக்காவை நம் தோட்டத்தில் அறியாதவர் யார்? பிள்ளைமடுவத்து ஆயம்மா. நீங்கள் ரப்பர் மலைக்குப் போனபோது உங்கள் பிள்ளைகளைத் தொட்டிலாட்டியவர். நான் அங்கே பாடசாலையில் படிப்பித்த காலம் முழுக்க எனக்குப் பக்கத்து வீடு. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. அதற்குக் காரணம் பாக்கியம் அக்கா.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாக்கியத்தைத்தான் சொல்கிறேன். அவருடைய மகன் குமார் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவன். ஒரு தீபாவளிக்கு வரவில்லை. அதன்பின் வரவேயில்லை. தேடாத இடமில்லை. ரெஜினா அக்காவின் சாவு வீட்டில் பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், அந்த ஆகாயக் கப்பல் பையன் கடைசில வந்து சேந்தானா? ரெஜினாகிட்ட கேக்கணும் கேக்கணும்னே இருந்துட்டேன்" என்றார். பிணத்தை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

குமார் காணாமல்போன அந்த நாட்களில் லயத்து வீடுகளில் கரண்ட் இல்லை, பிள்ளைமடுவத்தில் இருந்தது. தோட்டத்துத் துரை வீட்டில் கழித்துவிட்ட டிவி அங்கே வந்து சேர்ந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஆகாயக் கப்பல் நாடகம் போடுவார்கள். பேச்சு ஆங்கிலம், கீழே ஓடுவது சிங்கள எழுத்து. நமக்குச் சிங்களம் வாயில் ஓடும். வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்க வேண்டும். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்த ரெஜினா அக்கா டிவிப் பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, "ஆரம்பிச்சிட்டான். அவன் வாய பாக்காதீங்க, நான் சொல்றத கேளுங்க" என்பார். அவர் வாயில் வானத்துக் கப்டன், மலையில் நம்மை வேலை வாங்கும் கண்டக்டரையா பேசுவதுபோலவே பேசுவார்.

மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ, கப்பலுக்கு வெளியே எதையோ பழுதுபார்க்கப் போன ஓர் இளைஞனின் கயிறு அறுந்தது. அவன் இருட்டுக்குள் மிதந்து போனான். பாக்கியம் அக்கா எழுந்து நின்றுவிட்டார். ரெஜினா அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். "உக்காருங்க. வேற கப்பல்காரன் ஏத்திக்கிட்டானாம்" என்றார்.

அதிலிருந்து வாராவாரம் கப்பலின் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும். அது அந்தப் பையன்தான் என்றார் ரெஜினா அக்கா. சாப்பிட்டானாம், வேலை இன்னும் முடியவில்லையாம், அங்கே ஒரே மழையாம். "ஆகாயத்துக்கு மேல ஏது மழ?" என்று கூட்டத்திலிருந்த காளிமுத்து கேட்டதற்கு, "நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?" என்று ஒரே போடாகப் போட்டார். கடைசி வாரம் பாதியில் படம் நின்றது. கரண்ட் போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றார்.

பாக்கியம் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று கேகாலையில் அந்த நாடகத்தின் முதல் சீசன் டிஸ்க்கை வாங்கினேன். நின்று நிதானித்தால் எனக்கு ஆங்கிலம் புரியும், ஓடினால் புரியாது. நிறுத்தி நிறுத்தி, அகராதியோடு பார்த்தேன். கயிறு அறுந்தது. பையன் செத்துப்போனான். வேறு கப்பல் எதுவும் வரவில்லை. அந்தக் குரல் ஒரு மெசினுடையது: எரிபொருள் இவ்வளவு, சூடு இவ்வளவு, கதவுகள் மூடியிருக்கின்றன. கடைசிப் பாகத்தில் மெசின் பழுதாகி அந்தக் குரலும் நின்றுபோகிறது.

டிஸ்க் மாறிவிட்டதோ என்று திரும்பப் போட்டேன். சிங்களத்தில் எழுதியவன் பிழை விட்டானா? அக்காவுக்கு வாசிக்கத் தெரியவில்லையா? தெரிந்தே சொன்னாரா? கரண்ட் போன அன்று பெக்டரியில் எரிந்துகொண்டிருந்த லைட் வெளிச்சத்தில்தான் நாமெல்லாம் வீட்டுக்கு நடந்தோம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மடுவத்து மெயின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தாயை இத்தனை வருடம் அப்படிக் காத்திருக்க வைத்தது புண்ணியமா பாவமா, எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் கோபப்படுகிறேன், கோபப்படும்போதே அழுகையும் வருகிறது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது அங்கே டிவி இருக்கிறது. படம் ஓடியது. அந்தக் குரல் வந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார்.

"சாப்பிட்டானாம்" என்றேன்.

"என்ன கறியாம்?"

திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "பருப்பும் கருவாடும்."

"கருவாடு அவன் திங்க மாட்டானே மாஸ்டர்" என்றார். "ரெஜினாவுக்கு அது தெரியும்."

ரெஜினா அக்கா விட்டுப்போனவற்றில் என் கைக்கு வந்திருப்பது இந்த வேலை ஒன்றுதான். அவரளவுக்கு வராது. குமார் எதைத் தின்பான், எதற்குச் சிரிப்பான் என்று பாக்கியம் அக்காவிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு பாகமாகப் போடுகிறேன். கடைசிப் பாகத்தை இன்னும் போடவில்லை.