ஏறாமல் நின்ற எண்

கம்மாபுரத்துப் பக்கம் ஏதோ ஒரு கேன்டீனில், கேஸ் லைனை முள் மீட்டர் வைத்துச் சோதித்தவனுடைய லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்களாம். இனிமேல் டிஜிட்டல் மீட்டர் இல்லாதவன் சோதனைச் சீட்டில் கையெழுத்தே போட முடியாதாம். இதைச் சொன்னவன் உத்திராபதி. அவனும் நேரில் பார்த்தவனில்லை. மங்கலம்பேட்டையில் இருக்கிற அவன் மச்சான் சொன்னது. மச்சானுக்கு யாரோ ஒரு சிலிண்டர் லாரி டிரைவர் சொன்னது.

"அந்தக் கேன்டீன் பேரு என்னாடா?" என்று கேட்டார் மணவாளன்.

"பேரா மாமா முக்கியம்? ஒங்க முள்ளுக்கு வேல முடிஞ்சிபோச்சு, அதப் பாருங்க."

அப்படி ஒரு கேன்டீன் கம்மாபுரத்தில் இருந்ததா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் மணவாளனுக்கு வந்தது பயமில்லை, ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவருக்குப் பிறகு பயம் வந்தது.

அது 2009, பங்குனி முடிகிற நேரம். மணவாளனுக்கு ஐம்பத்தொரு வயது. சொந்த ஊர் கீரப்பாளையத்துப் பக்கம், ஐ.டி.ஐ. படிக்கக் கடலூருக்கு வந்தவர் வண்டிப்பாளையத்திலேயே தங்கிவிட்டார். ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் என்று பெரிய சமையற்கட்டுகளில் சிலிண்டர்கள் வெளியே ஒரு கொட்டகையில் நிற்கும். அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு கேஸ் வரும். குழாய் போடுவது உத்திராபதி. போட்ட குழாயில் ஓட்டை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது மணவாளன். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் தொழில்.

சோதனை மூன்று கட்டம். முதலில் குழாயின் இரண்டு பக்கத்தையும் அடைத்து, பம்பால் காற்றடித்து, இரண்டு பார் அழுத்தம் ஏற்றிவிட்டு மூன்று மணி நேரம் காத்திருப்பார். மீட்டரின் முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டித்தான் முள்ளைப் பார்ப்பார். தட்டாமல் பார்த்தால் முள் பொய் சொல்லும் என்பார். இரண்டாவது, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாவதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. முதல்முதலாக கேஸ் திறந்துவிடும் நாளில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, மணவாளன் தரையில் கைகளை ஊன்றி மண்டியிட்டு, மேடைக்கு அடியில் மோந்துகொண்டே போவார். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் ஓடும். அதற்கு 'மூக்கு வைக்கிறது' என்று பெயர். கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள். ஆனால் அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுத் தலையாட்டாமல் யாரும் தீக்குச்சியைத் தொடமாட்டார்கள். முள் அசையாமல் நின்ற இரண்டு மண்டபங்களில் அவர் மூக்கு ஓட்டையைப் பிடித்திருக்கிறது. சிதம்பரம் வரைக்கும் அவருக்கு மூக்கு மணவாளன் என்றுதான் பெயர்.

அந்த மூக்கு போன கார்த்திகையோடு போய்விட்டது.

ஏணி வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி, ஏழு தையல். வீட்டுக்கு வந்த வாரத்தில் ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து மனைவி புஷ்பவள்ளி ஓடிவந்தாள்.

"பால் தீஞ்சி தெருவே நாறுது, இங்கயே குந்தினிருக்கீங்களே!"

பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் ஓமத்தைக் கசக்கி மூக்கருகே பிடித்தாள், பிறகு மண்ணெண்ணெய்த் துணியை. இரண்டுமே அவருக்கு வெறும் காற்று. மண்டைக்குள் நரம்பு அறுந்திருக்கும், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"வெளிய சொல்லாத" என்றார் மணவாளன். அவள் சொல்லவில்லை.

அதன்பிறகு பஸ்ஸில் முதுநகர் துறைமுகத்தைத் தாண்டும்போது, கருவாட்டு நாற்றத்துக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்தினால் அவரும் துண்டால் பொத்திக்கொள்வார். எப்போதும் ஒரு நொடி பிந்தி.

ஆகவேதான் உத்திராபதி கொண்டுவந்த வதந்தி அவருக்கு நிம்மதி. மிஷின் பேச ஆரம்பித்துவிட்டால் மூக்கை யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டு பேரும் புதுச்சேரிக்குப் போனார்கள். அளவுக் கருவிகள் விற்கிற கடை. அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்ளும் சந்திரலேகா, கருவிகளுக்கென்றே டிப்ளமோ படித்தவள். மூன்று பெட்டிகளைத் திறந்து மேசையில் வைத்தாள்.

முதலாவது நூறு பார் வரைக்கும் காட்டும். எண்கள் கட்டைவிரல் உயரம். உத்திராபதி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "இதான் மாமா மீட்டரு. தூரத்துலேருந்தே தெரியும்."

"அது லாரி டேங்குக்கு அண்ணா. கொஞ்சநஞ்சம் எறங்குனா அதுக்குத் தெரியாது" என்றாள் சந்திரலேகா. "இந்த ரெண்டாவது நாலு பாருதான். ஆனா புள்ளிக்கு அப்பறம் ரெண்டு எண்ணு காட்டும். ஒங்க வேலைக்கு இதுதான் சரி."

"நூறு காட்டுறது பெருசா, நாலு காட்டுறது பெருசா?" என்றான் உத்திராபதி.

"நீ சும்மா இருடா. தட்டிப் பாக்கணுமாம்மா?" என்று கேட்டார் மணவாளன். நகம் தன்னால் மீட்டருக்குப் போயிருந்தது.

அவள் சிரித்தாள். "தட்டவே வேணாம் சார். பொய் சொல்லாது." பிறகு மூன்றாவதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இதுல கீழ டெம்பரேச்சரும் காட்டும். வெல கொஞ்சம் ஜாஸ்தி. நீங்க டெஸ்டு முடிச்சப்பறம் கடைசியா எப்பிடிப் பாப்பீங்க? சோப்பா, மூக்கா?"

மணவாளனுக்குக் காது சூடானது. உத்திராபதி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "எல்லாந்தான். நீ இந்த ரெண்டாவதக் கட்டிக் குடு."

"இல்ல சார், பைப்பு வெளிய போவுதுன்னா வெயில் படும், அப்ப என்னா ஆவும்னா..."

"பைப்புக்குக் காய்ச்சல் வந்தா எனக்கு என்னாம்மா? நான் என்ன டாக்டரா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சந்திரலேகாவும் சிரித்துவிட்டு மூன்றாவது பெட்டியை மூடினாள்.

புது மீட்டருக்கு முதல் வேலை சிதம்பரத்தில், நர்சிங் படிக்கிற பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில். கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பழைய விறகடுப்புச் சமையற்கட்டை இடித்துக் கட்டியிருந்தார்கள். சிலிண்டர் கொட்டகை மொட்டைமாடிப் படிக்குக் கீழே. அங்கிருந்து குழாய் கிழக்குச் சுவரோடு ஓடி, சுவருக்குள் நுழைந்து, அடுப்பு மேடைக்கு அடியில் முடியும். மணவாளன் போவதற்குள் கொத்தனார் அவசரப்பட்டு மேடையைச் சுற்றி டைல்ஸ் பதித்து மூடியிருந்தார். உள்ளே இருந்த நாலு இணைப்புக்குச் சோப்புத் தண்ணீர் போட வழியில்லை.

"ஒடைக்கச் சொல்லட்டா மாமா?" என்றான் உத்திராபதி.

வேறொரு நாளாக இருந்தால் மணவாளன் உடைக்கச் சொல்லியிருப்பார். அன்று கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "வேணாம். அதான் இது இருக்குல்ல."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் காற்றேற்றினார். 2.00. சித்திரை வெயில் கிழக்குச் சுவரில் முழுசாக அடித்தது. ஒன்பதுக்குக் குழாயில் கை வைக்க முடியவில்லை. எண் ஒரு தடவை 2.01 என்று காட்டிவிட்டு மறுபடியும் 2.00க்கு வந்தது. பத்துக்கு 2.00. பதினொன்றுக்கு 2.00. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு அசையாமல் ஒரு குழாய் நின்று அவர் பார்த்ததில்லை. சீட்டில் அந்த எண்ணை இரண்டு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஹாஸ்டலின் தலைமைச் சமையல்காரி கொளஞ்சியம்மாள். அவரைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் வேலை பார்த்த இரண்டு மண்டபங்களில் அவர் மூக்கு வைத்ததைப் பார்த்தவள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தம்பி, வியாழக்கெழம பத்தரைக்கு மேல பால் காய்ச்சுறோம். நீ வந்து மூக்கு வெச்சாத்தான் நான் தீக்குச்சி எடுப்பேன். எனக்குப் பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துக் கெடக்குது. பொணம் எரிஞ்சாக்கூடத் தெரியாது."

அவள் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். மணவாளன் மோரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் தம்ளரை விட்டுத் தலையை எடுக்கவில்லை. எனக்கும்தான் அக்கா என்று சொல்ல ஒரு வாய் மோர் நேரம் போதும். சொல்லியிருந்தால் அவள் வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லியிருப்பாள், அல்லது டைல்ஸை உடைக்கச் சொல்லியிருப்பாள். அடுத்த வாரமே சிதம்பரம் முழுக்கச் சேதி போயிருக்கும்.

"அதெல்லாம் பழைய காலத்து மொறைக்கா. இப்ப மிஷினே சொல்லிடுது. வியாழக்கெழம எனக்குக் கடலூர்ல வேற வேல இருக்குது."

"மிஷினு மோந்து பாக்குமா?"

"அதுக்கும் மேல."

அவளுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்னவன் மூக்கு மணவாளன். "சரி, நீ சொன்னா சரிதான். கூடக் கொஞ்சம் சாம்பிராணியப் போட்டு வுட்டு ஆரம்பிச்சிடறேன்" என்றாள். போகும்போது அவர் போனில் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். "ஆனா அடுப்பு வேல இருக்கச்சொல்ல நான் போனத் தொடமாட்டேன். ஜன்னல்லதான் கெடக்கும்."

வியாழக்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபம். அதுவும் வெளிச்சுவரோடு போகிற குழாய்தான். எட்டு மணிக்கு 2.00 ஏற்றிவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். ஒன்பதரைக்கு வந்து பார்த்தால் 2.07. பத்தே முக்காலுக்கு 2.12.

"என்னா மாமா, யாரோ உள்ள பூந்து ஊதிக்கினு கெடக்கறானா?" என்றான் உத்திராபதி.

மணவாளன் பழக்கத்தில் நகத்தால் தட்டினார். 2.12 அசையவில்லை. புது மீட்டர் அதற்குள் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அவர் நினைத்தார். கோபமாகப் புதுச்சேரிக் கடைக்குப் போன் போட்டார்.

"என்னாம்மா மீட்டரு குடுத்த? அடச்சி வெச்ச குழாயில அழுத்தம் ஏறுது."

"வெயில்ல இருக்கா சார்?"

"ஆமா."

"அப்ப ஏறத்தான் செய்யும்" என்றாள் சந்திரலேகா. "உள்ள இருக்கிற காத்து சூடாவுதுல்ல? அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க டாக்டரான்னு கேட்டுட்டீங்க. முள்ளுல இவ்ளோ சன்னமாத் தெரியாது, இதுல தெரியும். ஒங்க லைன் நல்லாருக்குதுன்னு அர்த்தம். வெயில்ல ஏறாம அப்பிடியே நின்னாத்தான் சார் பயப்படணும். ஏறுற அளவுக்கு எங்கயோ வெளிய போயிக்கினு இருக்கும்."

அதற்குமேல் அவள் பேசியது அவர் காதில் விழவில்லை. கிழக்குச் சுவரும், கை வைக்க முடியாத குழாயும், மூன்று மணி நேரம் அசையாத 2.00மும் கண்ணில் நின்றன. மூடிய டைல்ஸுக்குள் நாலு இணைப்பு. தரையோடு தேங்குகிற கேஸ். சாம்பிராணிப் புகை. புகைக்கு நெருப்பு, பாலுக்கு நெருப்பு, பக்கத்தில் பொடி போட்டுச் செத்த மூக்கு.

"மணி என்னாடா?"

"பத்து அம்பத்தஞ்சு. ஏன் மாமா, மூஞ்சி இப்பிடிப் போவுது?"

மணவாளன் சொன்னார். ஓட்டையைப் பற்றி மட்டுமில்லை, பால் தீய்ந்ததிலிருந்து சொன்னார். ஆறு மாதமாகச் சொல்லாததைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உத்திராபதி ஒரு கேலியும் பண்ணவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"வண்டிய எடுக்கறேன்."

"சிதம்பரம் போவ ஒரு மணி நேரம் ஆவும்டா."

சீட்டு நகலில் ஹாஸ்டல் ஆபீஸ் நம்பர் இருந்தது. மணி அடித்து அடித்து நின்றது. பால் காய்ச்சுகிற நேரம். வார்டனிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் சமையற்கட்டில்தான் நிற்பார்கள். சுற்றி நின்று பார்ப்பார்கள். ஒருவேளை அதில் யாருக்காவது நாறும், யாராவது ஒரு பெண்ணாவது என்ன இது என்று கேட்பாள். சாம்பிராணி போட்ட பிறகு கேட்பாளா?

கொளஞ்சியம்மாளுக்கு அடித்தார். அடுப்பைப் பத்த வைக்காதீங்க, ஜன்னலைத் திறங்க, சிலிண்டரை மூடுங்க. ஏன் என்று கேட்பாள். எனக்கு மூக்கு இல்லக்கா. அதையும் சொல்லிவிடத் தயாராக உதட்டிலேயே வைத்துக்கொண்டார்.

மறுமுனையில் மணிச் சத்தத்துக்குப் பதிலாக அவள் காலர் டியூனாக வைத்திருந்த அம்மன் பாட்டு ஓடியது. உடுக்கைச் சத்தத்தோடு முதல் அடி, இரண்டாவது அடி. பாட்டு பாதியில் அறுந்தது. மறுபடியும் அடித்தார். உத்திராபதி வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றான். சுவரில் மாட்டியிருந்த மீட்டரில் 2.13. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வண்டியில் ஏறினார். உடுக்கை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.