கண் சிமிட்டும் அரணை

உத்தமபாளையத்தில் தேங்காய் வியாபாரம் பார்த்த பல்கீஸுக்கு அரணைக்காகச் சண்டை போடுவதே பாதி வேலை. குடோனில் சிவந்த வால் ஒன்று நெளிந்தால் போதும், பாம்புக்குட்டி என்று ஆட்கள் கம்பெடுத்துவிடுவார்கள்.

“ஏலே, கம்பைக் கீழ போடு. கண்ணைச் சிமிட்டுது பாரு, அரணைதேன். பாம்பு எங்கயாச்சும் கண்ணைச் சிமிட்டுமா?” என்று திட்டுவாள். சுவரிலிருக்கும் பல்லியும் சிமிட்டாது, நாக்கால்தான் கண்ணை நக்கிக்கொள்ளும் என்பதும் அவள் பார்த்து வைத்திருந்ததுதான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து மழையில், மட்டைக் குவியலுக்குள்ளிருந்து சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பல்கீஸ் ஆட்களைத் தடுத்துவிட்டு, குனிந்து அதன் கண்ணையே பார்த்தாள். வெகுநேரம் கழித்து, சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தாள்.

“என்னக்கா, சிமிட்டுச்சா?” என்று கேட்டான் மட்டை உரிக்கும் காசிம்.

“நாந்தேன் சிமிட்டுனேன். அந்தக் கம்பை இங்கன கொடு.”