காஜா பெராங்: என் கடிதம் வாயடைத்த வீடு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்த ஏப்ரல் விடுமுறையில் மலாக்கா போய் வந்தேன். கோட்டையைப் பார்க்க அல்ல. காஜா பெராங்கில் என் தங்கை பார்வதி இருக்கிறாள். அவள் மகள் வசந்திக்கு நாலு வயது ஆகப் போகிறது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதும் இல்லையாம். காதுதான் கேட்கவில்லை என்று நானாகவே முடிவு கட்டி, காது கேளாத பிள்ளைகளுக்காக வடக்கே உள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு எழுதிப் போட்டேன். அழைத்து வாருங்கள், சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கூட்டிப் போகிற வேலையையும் நானே ஏற்றுக்கொண்டேன். தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஆயிற்றே! எங்கள் குடும்பத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சிரம்பானில் காலை 7.20க்கு ரயில். தம்பின் வரை ஒரு மணி நேரம், மூன்றாம் வகுப்புக்கு ஒரு வெள்ளி முப்பது காசு. முன்பு தம்பினிலிருந்து மலாக்காவுக்கே ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போனான், போனது போனதுதான். இப்போது பஸ்தான் கதி. இருபத்து நாலு மைல், தொண்ணூறு காசு. அலோர் காஜாவில் பத்து நிமிடம் நிற்கும், தேநீரை அங்கேயே குடித்துவிடுங்கள். மலாக்கா பஸ் நிலையத்தில் கொடுக்கிற தேநீரை வாயில் வைக்க முடியாது.

மலாக்காவில் இறங்கும்போது மணி 10.40. அங்கிருந்து காஜா பெராங் ஒன்றரை மைல். மூன்று சக்கரப் பெச்சாவை மிதிக்கிறவர் எண்பது காசு கேட்டு, அறுபதுக்கு இறங்கி வந்தார். நல்ல மனிதர், மலாய்க்காரர். நாங்கள் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எந்த வீடு, துவான்?"

"ஐஸ் பெக்டரி முனுசாமி வீடு. பேச்சு வராத பிள்ளை இருக்கே, அந்த வீடு."

அவர் மிதிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "பேச்சு வராத பிள்ளையா? அங்க வேலி ஓரமா ஒரு பொண்ணு நிக்கும். அது பாடும் லா!"

"அது வேற பிள்ளையா இருக்கும். ரோட்டைப் பார்த்து மிதிங்க" என்று சிடுசிடுத்தேன். ஊர்க்கதை பேசுகிற வண்டிக்காரர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் உறைத்தது அந்த அமைதி. மாப்பிள்ளை முனுசாமிக்கு இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். பார்வதி சைகையாலேயே என்னை உட்காரச் சொன்னாள். சோறு போட்டாள், மீன் குழம்பு ஊற்றினாள், பிள்ளைக்கு ஊட்டினாள். ஒரு "ஆ காட்டு" கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. எண்ணெய் தடவி வாரிய தலையுடன் வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "இங்க வாம்மா" என்றேன். அசையவில்லை. பாவம், முழுச் செவிடு என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

நாலு மணி இருக்கும், கொல்லைப் பக்கம் முகம் கழுவப் போனேன். பக்கத்து வீட்டில் தேவகி என்று ஒரு பெண். மலாக்கா செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தமிழை மறந்துபோன தமிழ் வியாபாரிகளின் வழி. நெற்றியில் குங்குமம், வீட்டில் முருகன் படம், உடுத்துவது மலாய்ப் பெண்களின் சாரோங் கெபாயா, பேசுவது மலாய். பார்வதி அவரை மாக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிடுவாள். அவர் தன் கைக்குழந்தையை சாரோங் தொட்டிலில் போட்டு, தொட்டில் எழும்பித் தாழும் தாளத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார்.

"இக்கான் கெச்சில் டாலாம் பாயா,
மாரி டுடுக் டெக்கட்..."

சதுப்பில் இருக்கிற சின்ன மீனே, வந்து உட்கார் பக்கத்தில் என்று அர்த்தம். யார் பக்கத்தில் என்கிற கடைசிச் சொல்லுக்கு முன் பாட்டு நின்றது. தொட்டில் மட்டும் ஆடியது.

"சாயா!"

என் பக்கத்தில் என்று முடித்தது வேலி ஓரத்திலிருந்து ஒரு குரல். வசந்தி!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த தகரக் குவளை நழுவிச் சிமெண்டுத் தரையில் உருண்டது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை வெடுக்கென்று திரும்பியது. அடக் கடவுளே, காதும் கேட்கிறது!

தேவகி என்னைப் பார்த்ததும் பயந்து எழுந்துவிட்டார். "துவான் குரு, கோபிக்காதீங்க. நான் இவளுக்குப் பாடல. என் பிள்ளைக்குத்தான் பாடினேன். இவ தானா வந்து நிப்பா."

"எதுக்குங்க பயப்படுறீங்க? பாடினா என்ன?"

"நீங்கதானே வேண்டாம்னு எழுதினீங்க? பார்வதி சொன்னா."

ஒன்றும் புரியாமல் உள்ளே ஓடினேன். பார்வதி சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தாளை எடுத்தாள். என் கையெழுத்து. வசந்தி பிறந்தபோது நான் எழுதிய கடிதம். "பிள்ளையிடம் நல்ல தமிழ் மட்டுமே பேசு. மலாய் கலந்த கொச்சை காதில் விழக்கூடாது. அர்த்தமில்லாத தாலாட்டு, பாட்டுக் கூத்து வேண்டாம். பக்கத்து வீட்டார் பாட்டும் வேண்டாம். பிறகு அவர்களைப்போல் தமிழே தெரியாமல் போய்விடும்." முத்து முத்தாக எழுதியிருந்தேன், பாவி!

"சரி, நல்ல தமிழ்ல பேச வேண்டியதுதானே? நீ ஏன் வாயே திறக்கல?"

"எனக்கு ஏதுண்ணே நல்ல தமிழ்? எஸ்டேட்டுல மூணாவது வரைக்கும் படிச்சவ. வாயைத் திறந்தா பசார், ஜாலான், மாக்கான்னு மலாய்தான் கலந்து வருது. என் பேச்சு புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா நீங்க திட்டுவீங்கன்னுதான்..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணன் சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று மார்தட்டுகிறவன், ஒரு தாய் தன் பிள்ளையோடு பேசவே பயப்படும்படி செய்திருக்கிறேன். யாரும் பேசிப் பழக்காத பிள்ளைக்கு, கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்று எப்படித் தெரியும்? சட்டைப் பையில் விடுதிக் கடிதம் வேறு.

வெட்கத்தை விட்டு மறுபடி வேலிக்குப் போய் தேவகியிடம் கேட்டேன், எப்படி இது என்று. "ஒண்ணுமில்ல துவான். தினமும் அதே பாட்டு, அதே ஆட்டம். 'பாயா'ன்னு முடிச்சா அடுத்து அதே ஓசைதான் வரும்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிடும். அங்க கொஞ்சம் நிறுத்துவேன். அது தேடி எடுத்துக்கும்" என்றார். நான் பலகையும் குச்சியும் வைத்துச் செய்வதை அவர் தொட்டில் கயிற்றை வைத்துச் செய்துகொண்டிருக்கிறார்! இவரைத்தான் தமிழ் தெரியாதவர் என்று ஒதுக்கச் சொன்னேன்.

திரும்பி வந்து பார்வதியிடம், "ஏதாவது பாடு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"உனக்கு வர்றதைப் பாடு. கொச்சையா இருந்தா இருக்கட்டும்."

பிள்ளையை மடியில் போட்டு முழங்காலை ஆட்டினாள். என்னை ஒருமுறை பயத்தோடு பார்த்தாள். பிறகு தானாகக் கட்டிய ஒன்று வந்தது.

"பசாருக்குப் போவோம் பாப்பா,
பழம் வாங்கித் தருவார்..."

நிறுத்தினாள். வசந்தி அவள் வாயையே பார்த்தது. இரண்டாம் முறை பாடினாள், மூன்றாம் முறையும். நாலாம் முறை முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும்போதே "ப்பா!" என்றது. அடுத்த சுற்றில் "அப்பா!"

வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு முனுசாமி நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையைத் திருப்பிப் போட்டது கூடத் தெரியாமல், பிள்ளையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார். அரை மணி கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள்.

மறுநாள் நான் விடுதிக்குப் போகும் வண்டியைப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காதைக் காட்டினோம், நன்றாகக் கேட்கிறது என்றார்கள். அதை முன்பே செய்திருக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்கு அந்தப் பள்ளி பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பேசாத பிள்ளை எல்லாம் கேளாத பிள்ளை என்று என்னைப்போல் முடிவு கட்டாதீர்கள். வீட்டில் பாட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓசை ஒன்றுபோல் வரும் இரண்டு வரி போதும், எந்த மொழியானாலும் சரி. கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டுப் பொறுமையாக இருங்கள். எனக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை.

காஜா பெராங் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கிறது. தம்பினுக்குத் திரும்பும் கடைசி பஸ் மாலை 5.30க்கு. பெச்சாவுக்கு அறுபது காசுக்கு மேல் தர வேண்டாம். நான் திரும்பும்போது அதே பெச்சாக்காரர் வந்தார், கேட்காமலே ஒரு வெள்ளி கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முன் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பார்வதி பிடுங்கிக்கொண்டாள்.

"கிழிக்காதீங்கண்ணே. பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு? மாக்சிக் பாட்டையெல்லாம் தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

வேலி ஓரம் நின்று, தேவகி பாடப் பாட எழுதினேன். பதினோரு பாட்டு. தாள் நிறைந்துவிட்டது.