வெள்ளைப் புள்ளிகளுக்கு அடியில் மூன்றாவது ஊற்று

எங்கள் லோர்னா அக்கா பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருஷம் பாத்திரம் தேய்த்தவள். அவளுக்கு ஏழு வயதானபோது, ஆதிக்குடிகளான எங்களை வெள்ளைக்கார அதிகாரிகள் லாரியில் ஏற்றி அரசுக் குடியிருப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் சொந்த மண்ணை மிதித்தது நாலைந்து முறைதான். ஆனாலும் தூரிகையை எடுத்தால் போதும், ஆதியில் மழையாய் வந்த எங்கள் முன்னோர் நடந்த வழியும் அவர்கள் விட்டுப்போன மூன்று ஊற்றுகளும் தன்னால் கைக்கு வந்துவிடும். பேச்சுதான் வராது.

தகப்பன் வழி மண்ணை மகள் வரையலாம். அதற்கு அவளே சாட்சி சொல்லக் கூடாது. அத்தை மகன்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவளைச் சொல்லவிட வேண்டும். எங்களுக்கு அந்த அத்தை மகன் ஹெக்டர்; ஜப்பனங்கா என்பது அவன் குலப்பிரிவுப் பெயர்.

எங்கள் மண்ணைத் திரும்பக் கேட்டு நாங்கள் போட்ட வழக்கை விசாரிக்க நீதிபதி அங்கிருந்த வறண்ட ஆற்று மணலுக்கே வந்திருந்தார். அக்கா துணியில் வரைந்த ஓவியத்தைச் சாட்சியாக விரித்து வைத்தோம். அந்த மண்ணை இப்போது வைத்திருக்கும் மாட்டுப் பண்ணைக்காரரின் வக்கீல் குனிந்து ஊற்றுகளை எண்ணினார்.

"இதுல ரெண்டு ஊத்துதான் இருக்கு. மேப்புல மூணு இருக்கே? சொந்த மண்ணே தெரியலையாம்மா?"

மூன்றாவது ஊற்றங்கரையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தார். சாவு விழுந்த இடத்தை நாங்கள் மூடிவிடுவோம். அங்கே போகக் கூடாது, பேசக் கூடாது. அக்கா அதை வரைந்து, அழுதுகொண்டே வெள்ளைப் புள்ளிகளால் மூடியிருந்தாள். திறக்கச் சொல்லும் உரிமை ஹெக்டருக்கு மட்டும்தான். அவனோ மரம் மாதிரி நின்றான்.

"பதில் இல்லைன்னு பதிவு பண்ணிக்கலாமா?" என்றார் வக்கீல்.

அக்கா மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கும் எங்கள் மண்ணும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"சொல்லித் தொலையேன் ஹெக்டர்! எங்க அத்தை உன்னைப் பெத்தாளா, கல்லைப் பெத்தாளா?" என்று கத்தினேன்.

"சும்மா இருடி. எனக்கும் தாய்மாமன்தான் அவரு." அவன் கண் கலங்கியிருந்தது. ஓவியத்தைச் சுற்றி வந்து அக்கா பக்கத்தில் குந்தினான். "லோர்னா, அழுதது போதும். நானும் அழுது முடிச்சுட்டேன். திறந்துடு."

அக்கா தூரிகையை எடுத்ததும் வக்கீல் துள்ளினார். "மேப்பைப் பத்திச் சொன்னதுக்கு அப்புறம் வரைஞ்சா எப்படி?"

ஹெக்டர் துணியைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தான். பின்பக்கமாகப் பார்த்தால் புள்ளிகளுக்கு நடுவே மூன்றாவது ஊற்றின் கறுப்பு வளையங்கள் தெரிந்தன. நீதிபதி எழுந்து வந்து பார்த்தார்.

"இதை ஏம்மா மூடுனீங்க?"

அக்கா ஹெக்டரைப் பார்த்தாள். "நீயே சொல்லு" என்றான்.

"எங்கப்பா தண்ணி குடிக்கக் குனிஞ்சாரு. எந்திரிக்கல." அக்கா நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதிக்கிட்டீங்களா? இன்னொரு தடவை கேக்காதீங்க."