கறுப்புக் குதிரையைத் தூக்கிய கை

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரேபிட் எனும் வேகச் சதுரங்கப் போட்டி. என் எதிரே பசுவந்தனைப் பக்கத்து விவசாயி ஒருவர், அறுபது வயதிருக்கும். எனக்குக் கறுப்புக் காய்கள். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கும் ஓப்பனிங்கைப் பழகி வந்திருந்தேன். சரியான பதிலை அவர் கண்டுபிடித்துவிட்டால் என் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

அவர் சிப்பாயை வெட்டினார். நான் குதிரையை நகர்த்தினேன். அதன்பின் அவர் அசையவே இல்லை, அவருடைய கடிகாரம் மட்டும் ஓடியது. அந்தப் பதிலைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருந்தது. பலகையிலிருந்து கண்ணை எடுக்கவே பயமாக இருந்தது.

கடைசியில் அவர் கை நீண்டு, என்னுடைய குதிரையைத் தூக்கித் தன் காய்போல் நகர்த்தப் போனது. நடுவரைக் கூப்பிட நிமிர்ந்தேன். மின்விசிறிக்கு அடியிலும் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“அண்ணாச்சி, என்ன செய்யுது?”

“கட்டமெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது தாயி... சுகர் ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம வந்துட்டேன்.”

தோற்றுவிடுவேன் என்ற பயம் போய், இவர் என் கண்ணெதிரே செத்துவிடுவாரோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

“இவருக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு, யாராச்சும் சீனி கொண்டாங்க!” என்று கத்தினேன். சமையற்கட்டிலிருந்து வந்த சீனியைத் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தேன். மெல்ல அவர் கண் தெளிந்தது.

“ஏ தாயி, இப்ப யாரு நகர்த்தணும்?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வெற்றி எனக்கென்று எழுதினார்கள். அவர் யோசிக்கிறார் என்றே அத்தனை நேரமும் நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் எதிராளி நெடுநேரம் அசையாமல் இருந்தால் எனக்கு வேறு பயம் வருகிறது. முதலில் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.