எதிர்க்கடை வண்டி

எங்கள் கம்பெனி அப்போது மூன்று வகைக் கார்கள் செய்துகொண்டிருந்தது. ஒன்று சின்னக் கார். இன்னொன்று, அதே காருக்குப் பின்னால் டிக்கி ஒட்டியது. மூன்றாவது, அதையே கொஞ்சம் உயர்த்தி ‘குடும்ப வண்டி’ என்று பெயர் வைத்தது. எதிர் கம்பெனியும் இதே மூன்றைத்தான் செய்தது. அதனால் இருவருக்கும் ஜென்மப் பகை. புதுச்சேரியில் இரண்டு ஷோரூம்களும் ஒரே சாலையில் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் நான் விற்பனைப் பிரிவில் இருந்தேன். அதற்காக நான் எதையாவது விற்றேன் என்று நினைத்துவிடக் கூடாது.

எதிர்க்கடையில் புதுக் குடும்ப வண்டி வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“கஸ்டமர் மாதிரி போய்ப் பாத்துட்டு வாங்க. வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டுப் போனா சந்தேகம் வராது.”

எதிர்க்கடைக்காரர்கள் தினமும் என்னோடு ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். இருந்தாலும், “வாங்க சார், மொதல் தடவையா வர்றீங்களா?” என்று வரவேற்றார்கள். தொழில் மரியாதை.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஓட்டிப் பார்க்க கோரிமேடு வரை போனோம். அதற்கு அப்பால் தமிழ்நாடு. ஐந்தாவது கியர் போடுவதற்குள் எங்கள் ஊர் தீர்ந்துவிடும். திரும்பி வரும்போது அவள் சொன்னாள்:

“ஏங்க, இதையே வாங்கிடலாம்.”

“நாம வேவு பாக்க வந்திருக்கோம்.”

“நீங்க வேவு பாருங்க. நான் வாங்கிக்கிறேன்.”

வாங்கிவிட்டாள், அவள் சம்பளத்தில், அவள் பெயரில்.

எங்கள் கம்பெனியில் ஊழியர் வீட்டில் எதிரியின் கார் நிற்கக் கூடாது. மச்சான் எதிர்க்கடையில் வாங்கிய காருக்காக ஒரு மெக்கானிக்கையே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். என் வேலை போகாமல் இருக்க வேண்டுமானால் வண்டியை ஒளிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் நூல் பிடித்துப் போட்ட தெருக்களில் இந்த முனையில் நின்றால் அந்த முனையில் நிற்கும் காரின் நிறம் தெரியும். காரை ஒளித்துவைக்க லாயக்கில்லாத ஊர்.

கடைசியில் கடலோர மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்தில் படகு வைத்திருந்த ஒருவரிடம் போனேன். எங்கள் கார் ஒன்றை அவர் தலையில் கட்டப் பார்த்துத் தோற்றதில் ஏற்பட்ட பழக்கம். படகுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திக்கொள்ளச் சொல்லி, படகு மூடும் தார்ப்பாயைக் கொடுத்தார்.

“யாரு வண்டிண்ணே?”

“எங்க வீட்டுக்காரம்மாது.”

“அத ஏன் மூடி வெக்கிறீங்க?”

“நான் வேல பாக்கிறது எதிர் கம்பெனியில.”

அவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். “அப்ப நான் உங்ககிட்ட வாங்காதது சரிதான்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுக்கப் போனபோது கடற்காற்றில் தார்ப்பாய் பறந்துபோனது. அதைத் துரத்திப் பிடித்துத் திரும்பினால், காருக்குப் பக்கத்தில் மேனேஜர் நிற்கிறார். ஒரு கையில் வஞ்சிரம், இன்னொரு கையில் சொட்டும் கூடை.

“யார் வண்டி இது?”

பொய் எதுவும் உடனே கிடைக்கவில்லை. “என் மனைவியோடது சார்.”

காரைச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தலையை விட்டு வெகு நேரம் பார்த்தார். என் வேலை அந்த டிக்கிக்குள் கிடந்தது.

“நம்ம வண்டிய விட எடம் அதிகமா இருக்கே.”

“ஆமா சார்.”

“என்கிட்ட இருக்கிறது டெமோ வண்டி. நாளைக்கு கஸ்டமர் ஏறணும். மீன் ஏத்த முடியாது.” கூடையை உள்ளே வைத்தார். “வீட்டுல எறக்கிவிடுங்க. அடுத்த வாரம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போலாம், அங்க ஏலத்துல மலிவாக் கிடைக்கும்.”

“சார், ரூல்ஸ்?”

“இது போட்டி ஆய்வு. நம்ம டிபார்ட்மென்ட் வேலைதான்.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆய்வு நடந்தது. வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. சில வாரங்கள் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மனைவி கார் கதவைத் திறந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

“பேசாம உங்க கம்பெனி வண்டியையே வாங்கியிருக்கலாம்.”

என் விற்பனை வாழ்க்கையில் நான் முழுமையாக நம்பவைத்த வாடிக்கையாளர் அவள் ஒருத்திதான். அன்று அவள் பஸ்ஸில் போனாள்.